அந்தோணியார் திருநாளில் வாசகம் படித்தது யார்

சேசு மரி சூசை துணை

பொம்மிடி
20-6-1972

அன்பு மகன் இன்னாசிராஜுக்கு உன் அப்பன் சின்னப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடு மாடும் சர்வேசுரன் தயவில் சுகம், வடக்கே இட்டார்சி ஸ்டேஷனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து யாருடையது என்று மலைக்காதே, வழக்கம்போல கோவில் உபதேசியாரிடம் சொல்லி எழுதியதல்ல, நானே எழுதுகிறேன். முதியோர் பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தை நேற்றுக் காலையில் ஆரம்பித்தேன், கை வலித்தால் வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, உன் அம்மா எட்டி எட்டிப் பார்க்கிறாள். ரயில்வே பரீட்சை போன தடவை தவறிவிட்டது, எவ்வளவு படித்தாலும் நடுவில் மறந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதைச் சொல்வதென்றால் உன் மாமன் சவுரியப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும், அவன் பேரை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அவனும் என்னோடுதான் பள்ளியில் சேர்ந்தான். இந்த வருஷம் அந்தோணியார் திருநாள் பூசையில் முதியோர் பள்ளியில் படித்த ஒருவர்தான் மைக்கில் வேதாகம வாசகம் படிக்கவேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வாசகம் எழுதிய தாள் ஆளுக்கொன்று கொடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டுங்கள், யார் நன்றாக வாசிக்கிறாரோ அவர் திருநாளில் வாசிக்கலாம் என்றார். இந்த வயதில் எனக்கு வேறு என்ன ஆசை, ஊர் முன்னால் நின்று எழுத்தைப் பார்த்துப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஏர் ஓட்டப் போனாலும் தாளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதல் வரியிலிருந்து படிப்பேன், பாதியில் மாடு கத்தும், போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி முதல் வரியிலிருந்தே படிப்பேன். இப்படிப் படித்ததில் முதல் வரி சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது, கடைசி வரி மட்டும் அசலூர்க்காரனாகவே நின்றது. நீயும் இப்படித்தான் படிக்கிறாயோ என்னவோ. உன் மாமன் தாளைத் தொடவே இல்லை. சின்ன வயதில் கோவிலில் ஜெப மந்திரங்களைக் கேட்டே படிப்போமே, அந்த மாதிரி உபதேசியாரைப் படிக்கச் சொல்லிக் காதால் வாங்கிக்கொண்டான். பிறகு வாசகத்தைத் துண்டு துண்டாக்கி ஒன்றை மாட்டுக்கொட்டாயில் சொல்வான், அடுத்ததைப் புளியமரத்தடியில், அதற்கடுத்ததைக் கிணற்று மேட்டில். எதை எங்கே சொன்னானோ அந்த இடத்தை நினைத்தால் அந்தத் துண்டு தானாக வருமாம். உன் அம்மாதான் இதைப் பெருமையாகச் சொன்னாள். எந்தம்பிக்கு இருக்கறது மூளைங்க, நீங்க எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள தேரு நெலைக்கு வந்துடும் என்றாள். அன்றைக்கு அவள் போட்ட களி எனக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் தடுக்கித் தடுக்கி முடித்தேன், அவன் மடை திறந்தது போலச் சொன்னான். சாமியார் அவன்தான் என்றுவிட்டார். ஆனால் ஒன்றை நான் மட்டும் பார்த்தேன். வாசகம் தாளின் பின்பக்கமும் போகிறது, அவன் தாளைத் திருப்பாமலே முடித்துவிட்டான். அவன் படிக்கவில்லை, மனப்பாடம். இதைச் சாமியாரிடம் சொல்லியே தீருவேன் என்று வீட்டில் குதித்தேன். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, எந்தம்பி மானத்த வாங்கிட்டு நீங்க மைக்குல நின்னா, களி கிண்ட வேற ஆளப் பாத்துக்குங்க என்றாள். வாயை மூடிக்கொண்டேன், பொறாமையைத்தான் மூட முடியவில்லை. அவனுக்குத் தொண்டை கட்டவேண்டும் என்று அந்தோணியாரிடமே வேண்டிக்கொண்டேன்.

திருநாள் பூசைக்குக் கோவில் கொள்ளாத கூட்டம். சவுரியப்பன் பாதி வரை அழகாகச் சொன்னான், அப்போது மைக்செட் கீ என்று கத்தியது, அவன் நின்றுவிட்டான். விட்ட இடம் தாளில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், அதே இடத்தில் வந்து நின்றான். பின்னாலிருந்து எவனோ, ஏம்ப்பா, ரெக்கார்டு கீறிப்போச்சா என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அவன் தாளை முன்னும் பின்னும் புரட்டினான். நான் என் தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்ததால் எந்த வரி என்று எனக்குத் தெரியும், எழுந்து போய் மைக் பக்கத்தில் நின்றேன். அவனைக் காப்பாற்றப் போனேன் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள், அதை நம்பாதே, நானே படித்துவிடலாம் என்றுதான் போனேன். அவன் விட்ட வரியின் முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்தேன், அடுத்ததற்கு வாய் திறப்பதற்குள் அவன் பிடித்துக்கொண்டு கடைசி வரை ஓடிவிட்டான். நான் திறந்த வாயோடு நின்றேன்.

அதனால் சொல்கிறேன், எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே படிக்காதே. நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஆரம்பி. கூட இருக்கிற ஒருவரைப் புத்தகத்தை எங்கேயாவது பிரித்துக் கேட்கச் சொல். புத்தகத்தை மூடிவிட்டு நீயே சொல்லிப் பார், தட்டுகிற இடத்தை மட்டும் திறந்து பார். ஒரே மூச்சில் படிக்காமல் விட்டு விட்டு மறுநாளும் அதையே எடு. உன் மாமன் வித்தையும் கெட்டதல்ல, ரயில் சட்டங்களைப் பிளாட்பாரத்தில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியடியில் ஒன்று என்று வைத்துக்கொள், ஆனால் அர்த்தம் தெரிந்து வை. தூக்கத்தைக் கெடுக்காதே.

பூசை முடிந்ததும் சவுரியப்பன் எல்லார் முன்னாலும் சாமியாரிடம் போய், நான் பாத்துப் படிக்கல சாமி, எல்லாம் மனப்பாடம், எங்க மாமாதான் நெசமா படிச்சவரு, ஆகஸ்டு மாதா திருநாளுக்கு அவரே படிக்கட்டுங்க என்று சொல்லிவிட்டான். சாமியாரும் சரி என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா, சவுரியப்பனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். படிக்கப்போவது நான், பேர் அவனுக்கு.

பரீட்சைக்கு முன்னால் ஒரு ஜெபமாலை சொல். மாதாவும் அந்தோணியாரும் உன் பக்கத்தில் நிற்பார்கள், எங்கள் ஆசீர்வாதமும் உண்டு. முடிந்ததும் பதில் எழுது, கொட்டை எழுத்தாக எழுது, நானே படிப்பேன். உன் மாமனுக்கும் தனியாக எழுதுவதென்றால் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எனக்கு எழுதுவது அதைவிட ஒரு வரியாவது கூடுதலாக இருக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பன்
அ. சின்னப்பன்