நீ கலக்காத புட்டிங்

ஃபோக்ஸ்டன்,
நவம்பர் கடைசி வியாழக்கிழமை

என் அன்பு மகள் ஜெம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசு எப்படி என்று மட்டும் கேட்காதே. அங்கே நீயும், வயிற்றில் இருக்கும் சின்னதும், மாப்பிள்ளை திபோவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற சேதி வந்தால்தான் எனக்கு டீகூடத் தொண்டையில் இறங்கும். கால் வீக்கம் வடிந்ததா? டாக்டர் சொன்னபடி இடது பக்கமாகப் படுக்கிறாயா, இல்லை ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுந்து ஜன்னல் துடைக்கிறாயா? உன்னை எனக்குத் தெரியும். படுத்திருக்கச் சொன்னால் படுத்திரு, ஜன்னல் எங்கேயும் ஓடிப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழ, நான் அழ, கடைசியில் திபோ போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். அவர் செய்தது சரிதான், உனக்கு ரத்த அழுத்தம் ஏறினால் யார் பதில் சொல்வது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தில் நான் அழுதாலும் உனக்குக் கேட்காது. அதுவுமில்லாமல் இந்தப் போனை நம்புவதற்கில்லை. பாறை மேட்டில் நடக்கப் போனால் அது என்னைக் கேட்காமலே கடலுக்கு அந்தப் பக்கத்துப் போன் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, பிரான்ஸ் உங்களை வரவேற்கிறது என்று சேதி அனுப்புகிறது. முன்பெல்லாம் அது எங்களுக்கு வேடிக்கை. இப்போது அதற்கும் தனியாகக் காசு பிடிக்கிறார்கள். என் போனுக்கு அங்கே இருக்கிற வரவேற்பு உன் அப்பாவுக்கு இல்லாமல் போனதுதான் வயிற்றெரிச்சல்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன், பாதி கேட்டுவிட்டு நீயாக எதையாவது கற்பனை பண்ணிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். சனிக்கிழமையே திராட்சை, ரொட்டித்தூள், மாட்டுக் கொழுப்பு, முட்டை, கறுப்பு பியர் எல்லாம் போட்டு கிறிஸ்துமஸ் புட்டிங்கைப் பெரிய மஞ்சள் சட்டியில் கூட்டி வைத்தேன். நான் கலக்கினேன், அப்பா கலக்கினார், வழக்கம்போல அவரவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டோம். மிச்சம் நீதான். நீ லண்டனில் படிக்கிறபோதும் உனக்காகச் சட்டியை மூடி வைத்துக் காத்திருந்தோம், நீ கலக்காமல் அடுப்பில் ஏற்றியதே கிடையாது. கல்யாணமாகி கடல் தாண்டி பூலோனுக்குப் போன பிறகும் ஒவ்வொரு வருஷமும் காலைக் கப்பலில் வந்து, கலக்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலக் கப்பலில் திரும்பிவிடுவீர்கள், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய் வருகிற மாதிரி. முதல் வருஷம் திபோ தன் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர், கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்ற வேண்டிய கரண்டியை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றினார், அப்பா போட்ட சத்தத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்த அட்டையைக் காட்டி இந்தக் கரை ஏற முடியாது, அதற்கென்று அவர் தனியாகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியதாயிற்று.

சரி, இந்த வருஷம் நீ பயணம் பண்ணக் கூடாது, அதனால் சட்டியே உன்னிடம் வரட்டும் என்று நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். சட்டிக்கு ஒரு துண்டைக் கட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். டோவர் துறைமுகத்தில் வரிசை, முன்னாடி நின்ற காரில் ஒரு மனுஷன் அவசர அவசரமாக ஹாம் சான்ட்விச்சுகளை வாயில் திணித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் தம்பி இப்படி விழுங்குற, யாராவது துரத்துறாங்களா என்று ஜன்னலை இறக்கிக் கேட்டார். கறி எதுவும் அந்தப் பக்கம் கொண்டுபோக விட மாட்டாங்க பெரியவரே, குப்பையில போடுறதுக்கு என் வயித்துல போட்டுக்கிறேன் என்றவன், என் மடியைப் பார்த்து, அந்தச் சட்டியில என்னம்மா என்று கேட்டான். சொன்னேன். மாட்டுக் கொழுப்பா, போச்சு, அந்தக் கரையில, கலே துறைமுகத்துல பார்த்தா சட்டியோட வாங்கி வச்சுக்குவாங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சான்ட்விச்சை எடுத்தான். குழந்தைக்காக நான் பின்னிய கம்பளிகளுக்கு அடியில் சட்டியை ஒளித்து வைக்கலாம் என்று யோசித்தேன். இந்த வயசுல புட்டிங் கடத்தப் போறியா மொரீன் என்று உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் அன்றைக்கு அவர் கடைசியாகச் சிரித்தது.

டோவரிலேயே உட்கார்ந்து பார்க்கிற பிரெஞ்சு அதிகாரி ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். அப்பாவுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் அதைப் புதுப்பித்த கதைதான் உனக்குத் தெரியுமே, பழையது முடியும் முன்பே கொடுத்து, மிச்சமிருந்த மாதங்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்து, பார்த்தியா, ஓசியில கூட வாங்கிட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாரே, அந்த ஓசி மாதங்கள்தான் காலை வாரிவிட்டன. ஐயா, இதைக் கொடுத்துப் பத்து வருஷம் தாண்டிடுச்சு, இது செல்லாது என்றாள். கடைசித் தேதியைப் பாரும்மா, அடுத்த கோடை வரைக்கும் இருக்கு என்றார் இவர். அது உங்க நாட்டுக் கணக்குங்க, நீங்க எங்களோட ஒண்ணா இருந்தப்ப நாங்களும் ஒத்துக்கிட்டோம், இப்ப வெளியாளுங்களுக்கு என்ன விதியோ அதுதான் உங்களுக்கும் என்றாள். முகத்தில் அடிக்கிற மாதிரிச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். நீங்க போகலாம் மேடம், ஐயாவை விட முடியாது என்று என்னையும் பார்த்துச் சொன்னாள். நான் சந்தைக் கடைக்கு அப்பால் வண்டி ஓட்டியவள் இல்லை, அதுவும் அங்கே சாலையின் வலது பக்கம். என்ன செய்வேன் சொல்லு. கப்பல் கண்ணுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, எங்களை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

வீடு திரும்புகிற வழியில் அப்பா, முப்பது வருஷம் லாரியில இந்த வாசல் வழியாத்தான் போய் வந்தேன், என் முகத்தைப் பார்த்தே கையசைச்சு விடுவாங்க என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டது நானா நீங்களா என்று. அந்த ஓட்டுக்காக இரண்டு பேரும் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம் என்று உனக்குத் தெரியும். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன், அப்படியே விழுங்கிவிட்டேன். நான் விழுங்கியதை அடுத்த வீட்டு வின்னி வாய்க்குள் வைத்துக்கொள்வாளா? வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்ன டெரெக், வெளிய வரணும்னு கேட்டீங்க, இப்ப வெளியவே நிக்க வச்சுட்டாங்களா என்று கேட்டாள். வழக்கமாக இருந்தால் அரை மணி நேரம் அவளோடு மல்லுக்கட்டுவார். அன்றைக்கு ஆமா வின்னி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் அப்படிப் பதில் சொன்னதில்தான் எனக்குப் பயமே வந்தது. வின்னிக்கும் மனசு கேட்கவில்லை போல, சாயங்காலம் ஒரு பை கொண்டு வந்து கொடுத்தாள்.

புதுப் பாஸ்போர்ட்டுக்கு மறுநாளே கொடுத்துவிட்டோம், கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த சண்டைதான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. அவர்கள் விதிப்படி ஆறு மாதத்துக்குள் நாங்கள் அங்கே மொத்தமே மூன்று மாதம்தான் இருக்கலாம். விட்டு விட்டு வந்தாலும் சரி, சேர்ந்தாற்போல் இருந்தாலும் சரி, மூன்றே மாதம். அப்பா சொல்கிறார், இப்பப் போகாதே மொரீன், ஜனவரி கடைசியில பிள்ளை பொறக்கட்டும், அப்பப் போனா வசந்தம் முழுக்க இருக்கலாம், இப்பவே போய் நாளைக் கரைச்சுட்டா, பிள்ளை முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிற நேரத்துல நீ மூட்டை கட்டணும் என்று. அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு பாறை மேட்டில் நடந்தேன். செவ்வாய்க்கிழமை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது, உங்கள் கரை அப்படியே தெரிந்தது, வெள்ளையாக ஏதோ கட்டிடம்கூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு அறையில் என் பெண் நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள், திபோ வேலைக்குப் போனால் ஒரு வாய் சூப் எடுத்துக் கொடுக்க ஆளில்லை, இதற்கு முன்னால் இரண்டு தரம் கலைந்துபோன பயம் வேறு அவளுக்கு. நான் இங்கே நின்று நாளை மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது ஜெம்மா.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளை சிரிக்கும்போது பார்க்கக் கொடுத்து வைத்திருந்தால் பார்க்கிறேன், என் பிள்ளை அழும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். டிசம்பர் நடுவில் வருகிறேன். கப்பலில் தனியாக, கார் இல்லாமல் கால்நடையாக, ஒரே ஒரு பெட்டியோடு. திபோவைக் கலேயில் வந்து நிற்கச் சொல். நான் தனியாகக் கடல் தாண்டியதில்லை, அதனால் அப்பா சமையலறை மேசையில் உப்பு டப்பாவைக் கப்பலாகவும் மிளகு டப்பாவை நானாகவும் வைத்து, எந்தப் படியில் ஏற வேண்டும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று மூன்று தரம் காட்டிவிட்டார். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால் சுற்றிப் பார்க்க என்று சொல்ல வேண்டுமாம். பெற்ற மகளைப் பார்க்க வருகிறவளுக்கும் சுற்றுலாப் பயணி என்றுதான் பெயர். சொல்லிவிட்டுப் போகிறேன், என்னைக் கேட்டால் உன் வீட்டுப் படுக்கையறையைத் தவிர நான் எதையும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை.

அப்பா வர மாட்டார். கிறிஸ்துமஸுக்குப் பாஸ்போர்ட் வந்தாலும் வர மாட்டாராம். நீ நாளைச் செலவு பண்ணு, நான் என் நாளைத் தொடாம வைக்கிறேன், நீ இறங்குற கப்பல்ல நான் ஏறுறேன், பிள்ளையும் ஜெம்மாவும் ஒரு நாள்கூடத் தனியா இருக்கக் கூடாது என்கிறார். லாரி ஓட்டிய காலத்தில் பனியோ புயலோ, எந்த ஊரில் இருந்தாலும் கிறிஸ்துமஸ் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றவர். இந்த வருஷம் வின்னி வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறாராம். போகும்போது காலுறையை மாற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

புட்டிங் கதையைக் கேள். மஞ்சள் சட்டி இன்னமும் தோட்டத்துக் கொட்டகையில்தான் இருந்தது, நீ கலக்காததை வேகவைக்க எனக்கு மனசு வரவில்லை. நேற்றைக்குத்தான் அப்பா சொன்னார், கொழுப்பு போட்டதைத்தானே விட மாட்டாங்க, கொழுப்பில்லாம கட்டிக்கிட்டுப் போ, மாடு அங்கயும் இருக்கு என்று. வின்னி கொடுத்த பையைப் பிரித்தால் அதிலும் திராட்சைதான். வீட்டில் மிச்சமிருந்த திராட்சையோடு அதையும் சேர்த்து, மாவு, ரொட்டித்தூள், சர்க்கரை, மசாலா எல்லாம் புதிதாக ஒரு துணிப்பையில் கொட்டினேன். முடிச்சுப் போடப் போனேன், கொஞ்சம் இரு என்று தடுத்தார். மரக்கரண்டியைப் பைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கிழக்கிலிருந்து மேற்காக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வெறும் மாவில் கரண்டி சத்தமே இல்லாமல் போனது. என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை, வெளியே சொன்னால் பலிக்காது. துண்டில் கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம் தருகிற வெள்ளிக்காசை நான் உள்ளே போட்டேன். பழைய சட்டியை இன்றைக்கு அடுப்பில் ஏற்றிவிட்டோம், வீடெல்லாம் ஆவி. அது வருஷக்கணக்கில் கெடாது, என்றைக்காவது நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு வரும்போது வெட்டுவோம்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் தெருக் கறிக்கடையில் சொல்லி, மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பாகக் கொஞ்சம் வாங்கி வைக்கச் சொல், திபோவுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லையென்றால் கடையில் கையால் தொட்டுக் காட்டச் சொல். கரண்டியைப் படுக்கைக்கே கொண்டு வந்து தருகிறேன், படுத்தபடியே கலக்கு. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஒருதரம் ஞாபகப்படுத்து. கடவுள் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உன் தலைமாட்டில் இருக்கும். நான் வந்து சேர்கிற வரை கண்ணீர் விடாதே, சேர்ந்த பிறகு இரண்டு பேருமாக அழுதுகொள்ளலாம், என்னிடம் மூன்று மாதம் இருக்கிறது.

உன் வாசல் மணியை எப்போது அடிப்போம் என்று காத்திருக்கும்
அம்மா மொரீன்

அப்பா இதில் ஒரு வரி எழுதட்டும் என்று பேனாவைக் கொடுத்தேன். எனக்கு எழுத வராது, பையில கலக்கிட்டேன்னு சொல்லு, அவளுக்குப் புரியும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.