லீட்டருக்குப் பன்னிரண்டு

2025 மார்ச் 3, திங்கள்
நிரஞ்சனி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்த மாதம் முழுக்க அளந்து பார்க்க வேண்டுமாம். லீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடாவிட்டால், பின்னால் சாமான் ஏற்றும் எங்கள் டபுள் கெப் வண்டியை விற்றுவிட்டுக் குட்டி லொறி வாங்க வேண்டுமாம். "கல்யாண வீட்டுக்கு ஒக்காரக் கதிரையும் கூடாரமும் வாடகைக்கு விடுற ஆளுக்கு இவ்வளவு பெரிய கெப் எதுக்குங்க?"

எதுக்கா? கெப்பில் போய் இறங்கினால் தேயிலைத் தோட்டத்தில் "வாங்க முதலாளி" என்கிறார்கள். லொறியில் போனால் "ஏய், கதிரைய அந்தப் பக்கம் எறக்கு" என்பார்கள். இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

வாங்கிய வருடம் டீசல் நூறு ரூபாய்ச் சொச்சம். கெப்பும் ஒன்பது ஓடியது. நடுவில் தட்டுப்பாடு வந்தபோது டீசல் வரிசையில் மூன்று நாள் அதற்குள்ளேயே தூங்கியிருக்கிறேன். இப்போது டீசல் இரண்டரை மடங்கு, கெப் ஓடுவதோ ஏழு. அந்த ஏழு எனக்கும் நான் நாட்குறிப்பு எழுதும் இந்தக் கொப்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

மார்ச் 8, சனி
மடுல்கெல்லயில் ஒரு கல்யாணம். நூறு கதிரையோடு ஏறும்போது முழுக்க முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். அந்தக் கணக்கு எனக்கெதற்கு? எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மேலே உள்ள டீசல் ஷெட்டில் டாங்கை வாய்வரை நிரப்பினேன். வெறும் கெப், எங்கள் ஊர் கண்டிவரை பெரும்பாலும் இறக்கம். அங்கே மறுபடி நிரப்பிப் பார்த்தால் — பன்னிரண்டு!

பொய்யா? இல்லையே. ஓடியதும் உண்மை, நிரப்பியதும் உண்மை. ஏற்றமா இறக்கமா என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
பன்னிரண்டு என்றதும் "பரவாயில்லையே" என்றாள். சந்தேகமே இல்லை. பாவம்.

மார்ச் 15, சனி
பன்விலயில் ஒரு விசேஷம். அதே வித்தை. பதினொன்றரை. தேதி, தூரம், லீட்டர் எல்லாவற்றையும் முத்து முத்தாக ஓர் அட்டையில் எழுதிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். முருகா, கண்டுக்காதே.

மார்ச் 20, வியாழன்
நாலு டயரும் மாற்றினேன். பில்லை அவள் கண்ணில் படாமல் கெப் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

மார்ச் 22, சனி
பன்னிரண்டரை! பேராசைப்பட்டுக் கொஞ்ச தூரம் நியூட்ரலில் விட்டேன். பிரேக் கருகிய வாடை. இனிமேல் செய்யமாட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு
அய்யோ.

காலையில் வாசலில் ரிஸ்மி, வாகனம் வாங்கி விற்பவர். வரச்சொன்னதே நிரஞ்சனிதானாம். என் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுக்கிறாள்!

"பத்துக்குக் கொறஞ்சாத்தானே விக்கிறதுன்னு சொன்ன?" என்று அவள் காதருகே பல்லைக் கடித்தேன்.

"கொறஞ்சா யாருங்க வாங்குவா?" என்றாள்.

ரிஸ்மி அட்டையைப் படித்தார். "பன்னெண்டரையா! கணேஸ் அண்ணன், இத நான் விக்கவே மாட்டேன், சொந்த ஓட்டத்துக்கு வச்சிக்கிறேன்." முற்பணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

"ஏழு!" என்று கத்தினேன். "ஏழுதான் ஓடுது ரிஸ்மி! எறக்கத்துல மட்டும் அளந்தேன். வெறும் கெப்ப வச்சி அளந்தேன். அட்டையெல்லாம் புளுகு!"

அவர் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போச்சு. கெப்பும் போச்சு, மானமும் போச்சு.

"ஏழா?" என்றாள் நிரஞ்சனி. "நான் ஆறுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

மார்ச் 24, திங்கள்
ரிஸ்மியை வரச்சொன்னது விற்கவா, என் வாயைப் பிடுங்கவா என்று கேட்டேன். "ரெண்டுக்குந்தான்" என்றாள். கெப் இருக்கட்டுமாம், ஆனால் ஒரு நிபந்தனை. "தோட்டத்துல ஒங்கள முதலாளின்னு கூப்புடுறது எனக்கும் கேட்டிருக்கு. எனக்கும் ஓட்டப் பழக்கித் தாங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு
கெப்பின் முன்னும் பின்னும் எல் போர்ட். அம்பிட்டிய ஏற்றம் முழுவதையும் நிரஞ்சனி முதல் கியரிலேயே ஏறினாள், இரண்டு தடவை நிறுத்தி, இன்ஜின் அலற அலற. லீட்டருக்கு நாலு ஓடியிருந்தால் அதிசயம்.

"எப்படிங்க ஓட்டுறேன்?" என்றாள்.

"பிரமாதம்" என்றேன்.