தோற்றவர்களின் கடையில் தேத்தண்ணி

மச்சான்,

காலையில் விளையாட்டுப் பையைத் திறந்தேன். நோவெண்ணெய்ப் போத்தல் கவிழ்ந்து காலுறையெல்லாம் ஊறிப்போயிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் உன் இடது முழங்காலில் அதைத் தேய்த்தபடி, "இந்தக் காலுக்கு இண்டைக்கு மட்டும் ஓடத் தெரிஞ்சாப் போதும்" என்பாயே, அதே மணம். பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி, ஒரு நோன்புக் காலமும் கடந்துவிட்டது. இன்று நீ இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. துறைமுகப் பக்கத்து அணியும் நிலாவெளி வீதியில் இருக்கிற அந்த மீனவர் அணியும் மோதின. மத்தியஸ்தர் நான். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றபோது, கடைசி நேரத்தில் மீனவர் அணியின் பின்களக்காரப் பொடியனின் கையில் பந்து பட்டது. கண்டேன், விசிலை ஊதினேன். பெனால்டி, கோல், முடிந்தது கதை. பொலிஸ் சுற்றி நின்றுதான் என்னை வெளியே கொண்டுவந்தது. பின்னேரமே ஒரு காணொளி போனுக்குப் போன் சுற்றத் தொடங்கிவிட்டது. அதில் யாரோ ஒருவனின் முதுகு மறைக்கிறது, பந்து கையில் படுவது தெரியவே தெரியாது. கூடவே ஒரு குரல்: "ரெப்ரியின்ர வீடு எங்க எண்டு எங்களுக்குத் தெரியும்." மனைவி கேட்டின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். "அந்த விசிலைத் தூக்கிக் கடலுக்க போடுங்கோ" என்றாள்.

நீயென்றால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. வென்றவர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று கழன்றுவிடுவாய். ஆனால் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் தோற்றவர்களின் ஊருக்குப் போய், அவர்கள் கூடும் கடையில் தேத்தண்ணி குடிப்பாய். இதே மீனவர் அணி அடித்த கோல் ஒன்றை நீ மத்தியஸ்தராக நின்று செல்லாது என்றாயே, நினைவிருக்கிறதா? எல்லைக்கோட்டில் கொடி தூக்கியவன் நான். மறுநாள் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏறச் சொன்னாய்.

"எனக்கு ஏலாது மச்சான், அடிப்பாங்கள்."

"அடிச்சா ரெண்டு பேருமா வாங்குவம், ஏறு."

நாம் உள்ளே போய் உட்கார்ந்தோம். பிறகு ஒருவர் நம் மேசையில் ஓங்கி அடித்து, வாய் ஓயும்வரை ஏசினார். நீ குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. அவர் களைத்ததும், "ஓம், உங்களுக்கு நோகும். நான் கண்டதைத்தான் ஊதினன்" என்று மட்டும் சொன்னாய். திரும்பும் வழியில், ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "வெண்டவன் எப்பிடியும் நம்மள நம்புவான்டா. தோத்தவன் நம்போணும்" என்றாய். எவ்வளவு நிதானமாகச் சொன்னாய்! பின்சீட்டில் நான் யாரும் துரத்துகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் உன் விசிலால் தோற்றவர்கள்தான்.

இன்று அவர்களின் கடைக்குப் போகாவிட்டால், பொலிசுக்குப் பின்னால் ஒளிந்தவன் என்ற பெயர் நிலைத்துவிடும். அந்த ஊருக்கு என் விசில் இனிச் செல்லாது. போனால் முழுதாகத் திரும்புவேனா தெரியாது. சட்டையை இரண்டு தரம் மாட்டிக் கழற்றிவிட்டேன்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டுப் போனேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

கடை வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் வாவென்று சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தப் பின்களக்காரப் பொடியனே வந்து எனக்கு முன்னால் நின்றான். அழுது வீங்கிய கண்.

"அண்ணை, உண்மையா என்ர கையில பட்டதோ?"

"ஓம் தம்பி. நான் கண்டனான்."

அவன் பக்கத்திலிருந்த கதிரையை எட்டி உதைத்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் வெளியே போய்க்கொண்டிருந்தான். கடைக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கிளாசில் பாதிதான் இருந்தது. என் மேல் உள்ள கோபமாக்கும் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உங்கட கூட்டாளிக்கும் அப்ப அரைக் கிளாஸ்தான் குடுக்கிறனான்" என்றார். "நிறைச்சு வைச்சா, கை நடுங்கி மேசையெல்லாம் ஊத்திப் போடுவார்."

எத்தனை கடைகளில் உன் பக்கத்தில் இருந்திருக்கிறேன்! எந்தக் கை முதலில் ஓங்கும் என்று சுற்றி இருந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்து முடித்தேன். பயம் போகவில்லை. வரும் சனிக்கிழமை வேறொரு தொடர் தொடங்குகிறது. முதல் ஆட்டமே இந்த மீனவர் அணிக்குத்தான், விசில் என்னிடம். ஞாயிறு காலையில் எந்த ஊர்க் கடையில் உட்கார்ந்திருப்பேனோ தெரியாது.