முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

என் அன்பு நர்ஸம்மாவுக்கு,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். செடிகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன்.

குறைமாதக் குழந்தைகளை வளர்ப்பது பற்றி நீ எழுதும் வலைப்பூவுக்குத் தினமும் நாற்பதாயிரம் பேர் வருவதாகக் கணக்கை மாற்றிக் காட்டியது நான்தான். நீ மனம் தளரக் கூடாதே என்று செய்தேன் என்றால் அதுவும் பாதிப் பொய். பிரபல எழுத்தாளரின் கணவன் என்று ஆபீசில் பீற்றிக்கொள்ள எனக்கும் ஆசை.

உண்மை தெரிந்ததும் நீ என்னைத் திட்டவில்லை; உட்கார்ந்து எழுதினாய். "இதைப் படிப்பவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்தான். மற்றதெல்லாம் என் வீட்டில் நடந்த பித்தலாட்டம். மன்னியுங்கள்." அதை வெளியிட்ட பிறகுதான் பெட்டியை எடுத்தாய்.

அந்த வரிகளை ஆபீசில் எல்லோருக்கும் நானே வாசித்துக் காட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், இதை எழுதியவள் என் மனைவி என்று சொன்னபோது என் குரல் உயர்ந்துதான் ஒலித்தது.

நேற்று மாலை ஒரு பெண் உன் ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை.

"பொறந்தப்ப ஒன்றரைக் கிலோகூட இல்லைங்க. அக்கா எழுதினதைப் படிச்சுப் படிச்சுத்தான் இவளைத் தேத்தினேன். அந்த முந்நூத்துப் பன்னிரண்டுல நானும் ஒருத்தி" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "பொய்க் கணக்கு காட்டினது நீங்கதானா?"

"நானேதாம்மா."

குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. அந்தப் பிடியில் எவ்வளவு பலம் தெரியுமா! அது நீ கொடுத்த பலம்.

"அக்கா எப்ப வருவாங்க?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்