பார்க்காமல் போட்ட டிக்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்ததா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், யாருக்கும் காயம் இல்லை. தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் பிரஸ் மெஷினுக்குள் கை போனால் சென்சார் அதை நிறுத்திவிடும். ஷிப்ட் தொடங்கும்போது குச்சியை நீட்டி அதைச் சோதித்து, தாளில் டிக் போடுவது என் வேலை. பல வாரமாகச் சோதிக்காமலே டிக் போட்டேன். செவ்வாய்க்கிழமை அந்த மெஷினை ஓட்டும் வடக்குப்பட்டு ரஞ்சனி அக்கா கையை உள்ளே நீட்டியபோது மெஷின் நிற்கவில்லை. சட்டென்று இழுத்துக்கொண்டதால் கையுறையின் நுனியோடு போயிற்று.

அக்கா மெஷினை அணைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். “இன்னா பெனிட்டா, டிக் போட்டுக்கீறே. செக் பண்ணியா, இல்லியா?”

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்று விசாரணை.

அந்தக் கேள்வி ஹாஸ்டல் வரைக்கும் என்கூடவே வந்தது. தினமும் காலையில் வசனம் வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறீர்கள். நானும் உடனே ‘ஆமென்’ போடுகிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை அம்மா. நேற்று பைபிளை எடுத்தால், உறையின் ஜிப் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

வேறு உறை தைத்து அனுப்புங்கள். ஜிப் வேண்டாம், பட்டன் போதும். கொஞ்சம் பருப்புப்பொடியும் வையுங்கள்.

விசாரணைக்காக ஜெபியுங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. இனி நான் ‘ஆமென்’ போட்டால் உடனே போன் பண்ணி, என்ன வசனம் என்று கேளுங்கள்.

உங்கள் மகள்,
பெனிட்டா