மதிப்பெண் போடுகிறவனின் அம்மா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை முதலில் போகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். முழங்கால் வழக்கம்போல முணுமுணுக்கிறது. இரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்த விஷயத்தில் அது உன்னைவிடத் தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. கணினி முன்னால் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடிப்பதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், போனில் நாம் இரண்டு பேரும் மழை, வெயில், காய்கறி தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படித்தான் ஆகிவிட்டது. நானும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். எதிரே உன் குரல் இருந்தால் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் இங்கத்திய செய்தி. லிப்ட் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் ஓடுகிறது. மாடிவீட்டு டீச்சரின் கணவர் கீழே இறங்கி வருவதையே விட்டுவிட்டார். பால்கனியில் நின்றபடி தெருவில் போகிற எல்லாரையும் திட்டுகிறார். அதை வைத்துத்தான் அவர் தெம்பாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறோம். வங்கி வாசலில் வரிசை இன்னும் நிற்கிறது, முன்னே மாதிரி தள்ளுமுள்ளு இல்லை. மின்சாரம் அதன் இஷ்டத்துக்கு வந்து போகிறது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி நாம் பேசவே இல்லை. இப்போது நான் பேசுகிறேன். நம் நாட்டின் நிலைமையைப் பார்க்க உங்கள் குழு வருகிறது, உன் மேலதிகாரியான வெளிநாட்டு அம்மாவுக்கு ஒரு வேளையாவது யார் வீட்டிலாவது சாப்பிட ஆசை, நம் வீட்டுக்கு அழைத்து வரட்டுமா என்று நீ கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை நாடுகளுக்கே மதிப்பெண் போடுகிறவன், எந்த நாடு வாங்கிய கடனைக் கட்டும், எது கையை விரிக்கும் என்று அவன் ஆபீஸ் சொன்னால்தான் உலகமே நம்பும் என்று இந்தக் கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்தவள் நான்தானே. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, என் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத்தான் அந்த அம்மா நாட்டுக்கே மதிப்பெண் போடப் போகிறார் என்று பேச்சு பரவிவிட்டது. நான் சிரித்து ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கவில்லை. உள்ளூர நானும் நம்பினேன்.

டீச்சர் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெண்ணெயும் அவர் வீட்டு நீலக் கோப்பைகளும் வந்தன. எதிர்வீட்டிலிருந்து காபித்தூள், கீழ்வீட்டிலிருந்து பழங்கள். காவலாளி, லிப்டுக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருந்த டீசலை ஊற்றி மதியம் முழுவதும் ஜெனரேட்டரை ஓட்டினார். நான் அலமாரிக் கதவைத் திறந்தே வைத்தேன், உள்ளே இருப்பது கண்ணில் படட்டும் என்று. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம், டாக்டர் வருவதற்குள் காய்ச்சலை மறைக்கத் தெர்மாமீட்டரை உதறி வைக்கிற நோயாளிகளைத் திட்டித் தீர்த்தவள் நான். அன்றைக்கு அதையேதான் செய்தேன்.

தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டோம், இங்கே அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று அந்த அம்மா கேட்டதாக நீ எனக்குச் சொன்னபோது உச்சி குளிர்ந்துபோனேன். நீயோ, சின்ன வயதில் டீச்சர் வீட்டில் பால் குடித்த கோப்பையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் அவருடைய மொழியில் என்னவோ சொன்னாய். என்னடா சொன்னாய் என்று கேட்டேன். “இது நம்ம வீட்டு வெண்ணெய் இல்லன்னு சொன்னேம்மா” என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நீ கிளம்பும்போது பாத்திரம் கழுவுகிற சாக்கில் நான் திரும்பவே இல்லை. அந்த அம்மாதான் சமையலறைக்குள் வந்து, சோப்பு நுரையோடு இருந்த என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நீ வாசலில் நின்றது எனக்குத் தெரியும்.

பிறகு நாட்டின் மதிப்பெண் ஒரு படி இறங்கியது, நம் பணத்தின் மதிப்பும் விழுந்தது. பேப்பரில் வந்த படத்தில் நிதி அமைச்சக வாசலில் எல்லாருக்கும் பின்னால் நீ கோப்புகளைச் சுமந்துகொண்டு நிற்கிறாய். குழுவில் நீதான் சின்னவன், மொழி தெரியும் என்று அழைத்து வந்தார்கள், முடிவு எடுக்கிறது பெரிய கமிட்டி என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். யார் காதில் விழுந்தது? காவலாளி என்னிடம் வந்து, “அன்னிக்கு சூப்ல உப்பு கூடிப்போச்சாம்மா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

பக்கத்து நாட்டுக்கு நம்மைவிடக் கூடுதல் மதிப்பெண்ணாம், டீச்சரின் கணவருக்கு ஒரே ஆற்றாமை. “அங்கயும்தான் கரண்ட் போகுது, அங்கயும்தான் விலை ஏறுது, அவன் மட்டும் என்ன ஒசத்தி?” என்று குதித்தார். டீச்சர் பேப்பரை எடுத்து உங்கள் அறிக்கையின் சுருக்கத்தைச் சத்தமாக வாசித்தார். அங்கே வங்கிகள் காட்டுகிற கையிருப்பு அவர்களுடைய சொந்தக் கையிருப்பு. இங்கே கணக்குப் பார்க்கிற நாளில் ஒரு வங்கி இன்னொரு வங்கியிடம் வாங்கி நிறைத்துக் காட்டுகிறது, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அதனால் ஒன்று விழுந்தால் மற்றதும் விழும் என்று எழுதியிருந்தது. டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சாப்பாடு முடிந்த மறுநாள் காலையில் அவருடைய கோப்பைகளைக் கழுவித் துடைத்து நான் மாடிக்குக் கொண்டுபோனேனே, அதுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. சிரித்துவிட்டோம். நான்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினேன்.

ஒன்று கேட்கிறேன், படித்தவன் நீ சொல்லு. பணத்தின் மதிப்பு விழப்போகிறது என்று தெரிந்து நீங்கள் படி இறக்கினீர்களா, நீங்கள் இறக்கியதால் அது விழுந்ததா? காய்ச்சலை எழுதுவதால் காய்ச்சல் வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் எல்லாரும் எழுந்து ஓடிவிட்டால் கட்டிலில் கிடக்கிறவன் கதி என்ன? நீ செய்தது தப்பு என்று சொல்லவில்லை. சரி என்று சொல்லவும் எனக்கு மனசு முழுசாக வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிற மருந்தெல்லாம் மதிப்பெண் இறங்கிய வாரமே விலை ஏறியது. டீச்சரின் கணவர் போட்டுக்கொள்கிற சர்க்கரை ஊசியும்தான். அதை வாங்க டீச்சரும் நானும் மருந்துக் கடை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து ஓட்டுநர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார். குழந்தைக்கு வலிப்பு மருந்து. விலையைக் கேட்டதும் கையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்தார். அப்புறம், “வந்து நல்லா தின்னுட்டுப் போய் நம்ம கழுத்த அறுத்துட்டானுங்க. அவனுங்கள பெத்தவ நல்லா இருப்பாளா?” என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்து, “சிஸ்டர், உங்க பையன்கூட அந்த ஆபீஸ்தானே?” என்று கேட்டார். அவர் வெள்ளை மனசுக்காரர், குத்திக்காட்டக் கேட்கவில்லை. வரிசையில் இருந்த தலையெல்லாம் திரும்பியது.

“அந்த மாதிரி வேலை பாக்கற புள்ள எனக்கு இல்லப்பா. அது வேற யாரோ” என்றேன்.

தடுமாறவில்லை, கண்ணு. சரளமாக வந்தது.

டீச்சர் ஊசியை வாங்கிக்கொண்டு என்னோடு திரும்பி வந்தார். படியேறும்போது மூச்சு வாங்க நின்ற இடத்தில்தான், “பெத்த புள்ளையவே இல்லன்னுட்டீங்களே அக்கா” என்றார். உங்கள் பிள்ளையாக இருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். “தெரியலக்கா. நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ” என்று சொல்லிவிட்டு என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஊசி விலை ஏறியது அவர் வீட்டில். உன்மேல் கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. அவர் கோபப்படாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். அந்த ஓட்டுநர் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார். உன்னை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னேன். இப்போது என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரக்கூடப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் மறுபடி குழுவோடு வருகிறேன், வீட்டுக்கு வந்தால் உனக்குச் சங்கடம், நான் ஹோட்டலிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். யாராவது கேட்டால் நான் வேறு எங்கோ வேலை பார்ப்பதாகச் சொல்லிவிடு அம்மா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. நீ அனுமதி கொடுப்பதற்கு முன்னாலேயே அம்மா அதைச் செய்து முடித்துவிட்டேன்.

திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். பஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இருமல் மருந்து வாங்கி வந்தேன், எனக்கு இருமலே இல்லை. கடைக்காரரிடம் என்றைக்காவது சொல்லிவிடுவேன். அந்த ஓட்டுநரை எங்கே போய்த் தேடுவது? பேருந்தில் ஏறும்போதெல்லாம் முன்னால் எட்டிப் பார்க்கிறேன். அவராக இருந்துவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.

ஹோட்டல் வேண்டாம். இனிமேல் இப்படியெல்லாம் எனக்குச் சலுகை கொடுத்து எழுதவும் வேண்டாம். மதிப்பெண் விஷயத்தில் நான் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். இன்னும் ஒரு படி இறக்க வேண்டியிருந்தால் இறக்கு. இறக்கிவிட்டு வீட்டுக்கு வா. பட்டப்பகலில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்க வா. யாராவது ஏதாவது கேட்பார்கள். கேட்கட்டும். தனியாக நின்று எனக்குச் சொல்ல வரவில்லை, நீ பக்கத்தில் நின்றால் வரும். நீ வராமல் போனால், அன்றைக்கு நான் கடையில் சொன்னது உண்மையாகிவிடும்.

நீ எங்கே இருந்தாலும் ஆயுளும் ஆரோக்கியமுமாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்