ஒரு செபமாலை நேரம் ஓடட்டும்

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி
3.11.2023

அன்பு மகள் எஸ்தருக்கு அம்மா மதலேனாள் எழுதுவது. எனக்குச் சுகம். உனக்கும் சுகமாகத்தான் இருக்கும், மடத்தில் மணி அடித்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார்களாமே. போன் கூடாது, மாதம் ஒரு கடிதாசி என்று உங்கள் மதரம்மா சொன்னதால் என் அஞ்சாம் வகுப்பைத் தூசி தட்டி எழுதுகிறேன். பிழை பார்க்காதே.

நேற்றுக் கல்லறைத் திருநாள். அப்பாவுக்குச் செவ்வந்தி வைத்து மெழுகுதிரி ஏற்றினேன். அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் ஓட்டிய ஜீப் கொட்டகையில் நிற்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற அதை விலைக்குக் கேட்டு சுருளியாண்டி வந்தார்.

"எக்கா, ஓட்ட ஆளில்லாம வண்டிய வச்சு அழகு பாக்கவா?"

"எம்மக ஓட்டுவா" என்றேன்.

அப்பா உனக்குத்தானே பழக்கினார்? மே மாதம் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகும் முன்னால் மனசு மாறி வீட்டுக்கு வந்தாலும் குறையில்லை என்று மதரம்மாவே சொன்னார்கள். அதுவரை பேட்டரி சாகாமல் பார்த்துக்கொள்கிறேன். தினமும் பூசை முடிந்து வந்து ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்து அணைக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் காப்பி இறங்குகிறது.

அம்மா


ராயப்பன்பட்டி
9.12.2023

எஸ்தருக்கு,

ஒரு சாவுச் செய்தி. பயப்படாதே, பேட்டரிக்குத்தான். திங்கட்கிழமை சாவியைத் திருகினால் டக் என்று ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதுவிட்டேன். அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லையாம், பக்கத்து வீட்டுப் பூமாரி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

பேட்டரிக் கடை ஜெபா வந்து பார்த்தார். "தெனம் ஓட விட்டேங்கிறீக, செத்துல்ல கெடக்கு?"

மந்திரக் கதையைச் சொன்னேன். மனுசன் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார். "வண்டி கெளம்ப எடுக்குற கரண்ட்டு ஒரு அரை நிமிச மந்திரத்துல திரும்பி ஏறுமாக்கா? தெனம் கொஞ்சங்கொஞ்சமா நீங்களே குடிச்சுத் தீத்திருக்கீக."

காக்கிறேன் என்று நானே கொன்றிருக்கிறேன். இப்போது சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். இனி என்ன செய்ய? நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா


திண்டுக்கல்
7.1.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மௌன நேரத்தில் படித்துச் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது.

நிற்கிற வண்டிக்கு இரண்டு வழி என்று அப்பா சொல்வார். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றலாம். இல்லையென்றால் வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். உங்கள் கணக்கில், ஒரு முழு செபமாலை சொல்லும் நேரம். நின்ற இடத்தில் உறுமினால் போதாது.

அம்மா, நீங்கள் ஒயரைக் கழற்றிவிடுங்கள். எனக்காக அதைக் காக்க வேண்டாம். நான் இங்கேயே இருப்பதாக மதரிடம் சொல்லிவிட்டேன். மே 18 வார்த்தைப்பாடு. கோபமென்றால் திட்டி எழுதுங்கள், எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

எஸ்தர்


திண்டுக்கல்
3.3.2024

அம்மா,

இரண்டு மாதமாகத் தபால் பையில் எனக்கு எதுவும் இல்லை. ஒரு வரி போதும்.

எஸ்தர்


ராயப்பன்பட்டி
7.4.2024

என் ஆத்தா எஸ்தருக்கு,

கோபம் முதல் இரண்டு வாரம்தான். அதற்கப்புறம் எழுத நேரமில்லை.

நீ சொன்னபடி ஒயரைக் கழற்ற ஸ்பேனரோடு போனேன். கை போகவில்லை. கழற்றினால் அந்தச் சத்தம் நின்றுபோகும். கழற்றாவிட்டால் யாராவது ஓட்ட வேண்டும். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன், நான்தான் நின்றேன். ஸ்பேனரை வைத்துவிட்டு, அப்பாவோடு ஜீப் ஓட்டிய ஆண்டனி ராஜ் அண்ணனிடம் போய்ப் பழக்கிவிடச் சொன்னேன்.

"ஏத்தா, பிரேக்கு எதுன்னு தெரியுமா?"

"நீங்க காட்டுனாத் தெரியும்ண்ணே."

உத்தமபாளையம் போய்ச் சேர ஒரு செபமாலை ஆகிறது. பூமாரியும் பின்னால் ஏறிக்கொள்வாள். திராட்சைத் தோட்ட வளைவில் நான் மாதாவைக் கூப்பிட்டால் அவள் வீரபாண்டி கௌமாரியைக் கூப்பிடுகிறாள். இரண்டு பேரும் வந்ததால்தான் ஒரு எருமை பிழைத்தது.

போன வாரம் லைசென்ஸ் வந்தது. போட்டோவில் நான் திருடி மாதிரி இருக்கிறேன். சுருளியாண்டி திரும்பவும் வந்து கேட்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கொடுப்பதற்கில்லை என்றேன்.

"மக வந்துட்டாளாக்கா?"

"மக இல்ல. மகளோட ஆத்தா ஓட்டுறா."

உனக்காகத்தான் அந்தப் பேட்டரியைக் காத்தேன், பொய் சொல்லவில்லை. இப்போது அது எனக்கு வேண்டியிருக்கிறது. நீ இருக்கிற இடத்தில் சந்தோசமாக இரு.

மே 18 காலையில் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் ஆண்டனி ராஜ் அண்ணன் இருப்பார். என் ஓட்டத்துக்கு எட்டு செபமாலை தூரம். பூமாரி இப்போதே பை கட்டிவிட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் கவலை. ரிவர்ஸ் எனக்கு டெஸ்ட் அன்றைக்கு ஒரு தடவை வந்தது, அப்புறம் வரவேயில்லை. மடத்துக்குள் ஜீப்பை அப்படியே வளைத்துத் திருப்ப இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுது. ஓரத்தில் பூந்தொட்டி இருந்தால் முதல் நாளே எடுத்துவைக்கச் சொல்.

உன் அம்மா
மதலேனாள்